கிட்டில் எது முன், எது பின்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் கமிட்டின், அதாவது பதிவு செய்த ஒவ்வொரு மாற்றத்தின், தேதியைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மதர்போர்டு பேட்டரி தீர்ந்து என் கணினியின் கடிகாரம் 2015-க்குப் போய்விட்டது. கவனிக்காமல் மூன்று கமிட் போட்டு புஷ்ஷும் செய்துவிட்டேன் (சர்வருக்கு அனுப்பிவிட்டேன்). ரெப்போவின் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் உள்ள தொகுப்பின்) வரலாறு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. (எஸ்எஸ்எச் வழியாக புஷ் செய்திருப்பீர்கள். எச்டிடிபிஎஸ் என்றால் சர்வரின் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று அங்கேயே நின்றிருக்கும்.)

உங்கள் ரெப்போவில் ‘கிட் கேட்-ஃபைல் -பி ஹெட்’ என்று அடித்துப் பாருங்கள் (ஹெட் என்பது நீங்கள் இப்போது நிற்கும் கமிட்). ஒரு கமிட்டுக்குள் இருப்பது சில வரிகள்தான். முதல் வரி ட்ரீ: அந்தக் கணத்தில் கோப்புகள் இருந்த மொத்த நிலையின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம்). அடுத்தது பேரன்ட்: தாய் கமிட்டின் 40 எழுத்து ஹேஷ். கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்டில் இந்த வரி இரண்டு முறையோ அதற்கு மேலோ வரும். ரெப்போவின் முதல் கமிட்டில் வராது. பிறகு ஆதர் (மாற்றத்தை எழுதியவர்), கமிட்டர் (அதைக் கமிட்டாகப் பதிவு செய்தவர்) என இரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் பெயர், மின்னஞ்சல், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகள், நேர மண்டல வித்தியாசம். ஒரு வெற்று வரி விட்டு கமிட் செய்தி. இவை அனைத்தையும் சேர்த்து எஸ்எச்ஏ-1 என்ற முறையில் ஹேஷ் கணக்கிட்டால் வருவதுதான் அந்தக் கமிட்டின் அடையாளம்.

முன்பின் என்பது பேரன்ட் வரியில் இருக்கிறது. தாயின் ஹேஷ் கையில் இல்லாமல் பிள்ளைக் கமிட்டை உருவாக்க முடியாது. தாயின் உள்ளடக்கம் முடிவாகாமல் அதன் ஹேஷ் கிடைக்காது. ஆகவே பிள்ளை தாய்க்குப் பின்தான் பிறந்தது என்பதற்குக் கடிகாரத்தின் சாட்சி தேவையே இல்லை. தேதி வரி என்பது கமிட் போட்டவரின் கணினி சொன்ன ஒரு தகவல். கிட் அதை நம்பித்தான் எழுதிக்கொள்கிறது, சரிபார்ப்பதில்லை. கமிட் செய்தியில் எழுத்துப்பிழை இருந்தால் எவ்வளவு கேடோ, தேதி தவறாக இருந்தாலும் அவ்வளவு கேடுதான். கொஞ்சம் கூடுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஏனென்றால் சில கட்டளைகள் வேகத்துக்காகத் தேதியைப் பார்க்கின்றன. அதைக் கீழே சொல்கிறோம்.

புஷ் செய்யாத நிலையில் கண்டுபிடித்திருந்தால், கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, கடைசி மூன்று கமிட்டுக்கு, கமிட்டுகளைப் புதிதாக எழுதித் தரும் ‘கிட் ரீபேஸ்’ கட்டளையை ‘ரீசெட்-ஆதர்-டேட்’ விருப்பத்தோடு ‘ஹெட்~3’ மீது ஓட்டினால் போதும். ஆதர் தேதி, கமிட்டர் தேதி இரண்டுமே இன்றையதாகிவிடும். ஆனால் தேதியும் ஹேஷுக்குள் சேர்த்தி என்பதால் மூன்று கமிட்டின் அடையாளமும் மாறும். புஷ் செய்து, மற்றவர்கள் அதன்மேல் வேலையைத் தொடங்கியிருந்தால், தேதிக்காக வரலாற்றைத் திருத்தி எழுதுவது வீண் வம்பு. விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் நண்பர் ஒரு நாட்டில், நான் வேறொரு நாட்டில். நேர மண்டல வித்தியாசத்தால் வரிசை குழம்புமா?

குழம்பாது. சேமிக்கப்படுவது உலகப் பொது நேரத்தின் நொடிக் கணக்கு. பக்கத்தில் இருக்கும் மண்டல வித்தியாசம், அந்த நேரத்தை அவரவர் உள்ளூர் மணியாகக் காட்டுவதற்கு மட்டும்.

கேள்வி: இருவரும் நெட் இல்லாமல் தனித்தனியாக ஒரே நாளில் கமிட் போட்டோம். பிறகு மெர்ஜ் செய்தோம். யாருடையது முதலில் என்று கிட் எப்படி முடிவு செய்கிறது?

முடிவு செய்வதே இல்லை. பலர் ஏற்க மறுக்கும் இடம் இதுதான், அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

‘அ’ என்று ஒரு கமிட். அதிலிருந்து நீங்கள் ‘ஆ’ போட்டீர்கள், நண்பர் ‘இ’ போட்டார். இரண்டையும் மெர்ஜ் செய்ததில் ‘உ’ வந்தது. அ-வுக்குப் பின் ஆ, அ-வுக்குப் பின் இ, இரண்டுக்கும் பின் உ. இவை உறுதி. ஆ-வுக்கும் இ-க்கும் இடையில் என்ன உறவு? எதுவும் இல்லை. ஆ-வை எழுதியபோது இ-யைப் பற்றிய எந்தத் தகவலும் உங்களிடம் இல்லை, அவரிடமும் அப்படியே. ஒன்றின் பாதிப்பு மற்றொன்றில் இருக்க வழியில்லை. 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் தம் கட்டுரையில், பல கணினிகள் கொண்ட அமைப்பில் ஒரு நிகழ்வு இன்னொன்றுக்கு முன் நடந்தது என்பதை, முன்னதிலிருந்து பின்னதற்குத் தகவல் போய்ச் சேர வழி இருந்ததா என்பதை வைத்தே வரையறுத்தார். வழி இல்லாத இரண்டும் உடனிகழ்வுகள். கிட்டின் கமிட் வரைபடம் இந்த வரையறையை அப்படியே கோப்பில் எழுதி வைத்ததுபோல்தான் இருக்கிறது.

கையால் சோதித்துப் பார்க்கலாம். ‘கிட் மெர்ஜ்-பேஸ்’ கட்டளைக்கு ‘இஸ்-ஆன்செஸ்டர்’ விருப்பம் கொடுத்து, அதன்பின் இரண்டு கமிட்டுகளைத் தாருங்கள். திரையில் எதுவும் வராது. வெளியேறும்போது திருப்பித் தரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 0 என்றால் முதலாவது இரண்டாவதற்கு மூதாதை. 1 என்றால் மூதாதை இல்லை. ஆ, இ என்று கொடுத்தால் 1. இ, ஆ என்று திருப்பிக் கொடுத்தாலும் 1. இரு பக்கமும் 1 வந்தால் அவை உடனிகழ்வுகள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் மட்டும் சோதித்துவிட்டு, ‘மூதாதை இல்லை, எனவே பின்னது’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வேறு எண் வந்தால், கொடுத்த பெயர் செல்லாதது போன்ற பிழை ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அதையும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு பிராஞ்ச் (கிளை) எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அறிய, ‘கிட் ரெவ்-லிஸ்ட்’ கட்டளையில் ‘லெஃப்ட்-ரைட்’, ‘கவுன்ட்’ இரண்டையும் சேர்த்து, பிராஞ்ச் பெயர்களுக்கு நடுவே மூன்று புள்ளி வையுங்கள். இடப்பக்கம் மட்டும் உள்ளவை எத்தனை, வலப்பக்கம் மட்டும் உள்ளவை எத்தனை என்று இரண்டு எண் வரும். ஏதாவது ஒன்று 0 என்றால் அந்தப் பக்கம் வெறுமனே பின்தங்கி நிற்கிறது. இரண்டுமே 0 இல்லை என்றால் பிரிந்து போயிருக்கின்றன.

கேள்வி: முடிவு செய்வதில்லை என்கிறீர்கள். ஆனால் ‘கிட் லாக்’ மேலிருந்து கீழாக ஒரே வரிசையாகத்தானே காட்டுகிறது?

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் காட்ட முடியும் என்பதால் ஏதோ ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தேர்வுக்குத்தான் தேதி பயன்படுகிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால் விசித்திரமான லாக் ஒன்றைக் கண்டு பதற வேண்டியிருக்காது.

கிட் லாக் ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் அதில் இருப்பது நீங்கள் நிற்கும் கமிட் மட்டும். பட்டியலில் உள்ளவற்றில் கமிட்டர் தேதி மிகப் புதியதை எடுத்துக் காட்டும். அதன் தாய்களைப் பட்டியலில் சேர்க்கும். மறுபடி மிகப் புதியதை எடுக்கும். அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிளைகள் இல்லாத நேர்க்கோட்டு வரலாற்றில் தேதி எவ்வளவு கன்னாபின்னாவென்று இருந்தாலும் வரிசை தப்பாது. ஒரு நேரத்தில் பட்டியலில் ஒரே ஒரு கமிட்தான் இருக்கும், தேர்வுக்கே இடமில்லை. முதல் கேள்வி கேட்டவரின் மூன்று கமிட்டும் ஒரே பிராஞ்சில் வரிசையாக இருந்தால், 2015 என்ற தேதியோடு சரியான இடத்தில்தான் தெரியும்.

சிக்கல் கிளையில் வரும். மேலே சொன்ன அ, ஆ, இ, உ-வையே எடுத்துக்கொள்வோம். அ காலை 9 மணி, ஆ 10 மணி, உ 12 மணி. இ போட்ட கணினியில் மட்டும் கடிகாரம் 2015. முதலில் உ வெளியே வரும். பட்டியலில் ஆ, இ. புதியது ஆ, அது வெளியே வரும், அதன் தாய் அ உள்ளே போகும். இப்போது பட்டியலில் 9 மணி அ-வும், 2015 இ-யும். புதியது அ. ஆக அ வெளியே வந்த பிறகுதான் இ வரும். லாக்கில் பிள்ளை இ-க்கு மேலே தாய் அ உட்கார்ந்திருக்கும். வரைபடம் அப்படியே சரியாக இருக்கிறது, காட்சி மட்டும் தலைகீழ்.

இதற்கு மாற்று ‘டோப்போ-ஆர்டர்’ விருப்பம். ஒரு கமிட்டின் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டி முடிக்காமல் அந்தக் கமிட்டைக் காட்டாது. ஒவ்வொரு கமிட்டுக்கும் இன்னும் காட்டப்படாத பிள்ளைகள் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டு, அந்த எண் 0 ஆனதும் வெளியே விடும் பழைய உத்திதான். இரு கிளைகளின் கமிட்டுகளை ஒன்றோடொன்று கலக்காமல் ஒரு கிளையை முடித்துவிட்டு மற்றதற்குப் போகும். ‘டேட்-ஆர்டர்’ என்பது இடைப்பட்டது: பிள்ளைக்குப் பின்தான் தாய் என்ற விதியை மீறாது, அதற்குள் முடிந்தவரை கமிட்டர் தேதிப்படி அடுக்கும். ஆதர் தேதிப்படி அடுக்க ‘ஆதர்-டேட்-ஆர்டர்’ இருக்கிறது. ‘கிராஃப்’ விருப்பம் கொடுத்தாலே டோப்போ-ஆர்டர் தானாக வந்துவிடும். கோடு போட்டு வரைய வேண்டுமென்றால் தாய் மேலே, பிள்ளை கீழே என்று இருக்க முடியாதல்லவா.

ஸ்கிரிப்ட் எதிலாவது கமிட்டுகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாகச் செயல்படுத்தப் போகிறீர்கள் என்றால், டோப்போ-ஆர்டரோடு ‘ரிவர்ஸ்’ சேர்த்துக் கொடுங்கள். இயல்பு வரிசையை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் ஆண்டுக்கணக்கில் ஓடும், ஒரே ஒரு கோணல் கடிகாரம் வந்ததும் விழும்.

கேள்வி: கிட் லாக்கில், குறித்த தேதிக்குப் பிந்தையவற்றை மட்டும் காட்டும் ‘சின்ஸ்’ போட்டு இரண்டு வார கமிட்டுகளைக் கேட்டால் சில கமிட்டுகள் காணாமல் போகின்றன. ஹேஷைக் கொடுத்தால் வருகின்றன.

நடுவில் பழைய தேதியோடு ஒரு கமிட் இருக்கும். சின்ஸ் எல்லையைவிடப் பழையதைக் கண்டதும் கிட் அந்த வழியில் மேற்கொண்டு இறங்குவதில்லை. அதற்குக் கீழே புதிய தேதியுள்ளவை இருந்தாலும் கண்ணில் படாது. கிட் 2.37-இல் (2022) வந்த ‘சின்ஸ்-ஆஸ்-ஃபில்டர்’ விருப்பத்தைப் போடுங்கள். அது முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வடிகட்டும். பெரிய ரெப்போவில் மெதுவாக இருக்கும். இரண்டு விருப்பங்களும் பார்ப்பது கமிட்டர் தேதியை. ரீபேஸ் செய்தால் ஆதர் தேதி பழையபடி இருக்கும், கமிட்டர் தேதி புதிதாகும். ‘போன மாதம் எழுதிய கமிட் இந்த வாரக் கணக்கில் வருகிறதே’ என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: கல்லூரியில் லாம்போர்ட் கடிகாரம், வெக்டர் கடிகாரம் இரண்டும் படித்தேன். கிட் இவற்றில் எதைப் பயன்படுத்துகிறது?

அடிப்படை வடிவத்தில் இரண்டையும் இல்லை. தேவையில்லாததால் இல்லை.

வெக்டர் கடிகாரத்தில் (1988-இல் ஃபிட்ஜ், மாட்டர்ன் இருவரும் தனித்தனியே வெளியிட்டது) பங்கேற்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எல்லா எண்களையும் ஒப்பிட்டால் முன், பின், உடனிகழ்வு மூன்றையும் பிரித்துச் சொல்லலாம். ஒவ்வொரு செய்தியோடும் இந்த எண் பட்டியலைச் சுமந்து செல்ல வேண்டும். கிட்டில் யார் வேண்டுமானாலும் குளோன் செய்யலாம் (ரெப்போவை நகலெடுக்கலாம்), அழிக்கலாம், மறுபடி குளோன் செய்யலாம். பங்கேற்பவர்கள் யார் என்ற பட்டியலே கிடையாது. பட்டியல் வைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும். கிட் அதற்குப் பதில் முழு வம்சாவளியையும் வைத்திருக்கிறது. வெக்டர் கடிகாரம் எந்தத் தகவலைச் சுருக்கித் தருகிறதோ, அந்தத் தகவலே சுருக்காமல் டிஸ்க்கில் இருக்கிறது.

விலை எங்கே என்றால், வேகத்தில். ‘அ என்பது உ-வுக்கு மூதாதையா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உ-விலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். ‘ஆம்’ என்றால் கண்டதும் நிற்கலாம். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால் முதல் கமிட் வரை போய்ப் பார்த்தாக வேண்டும். பல லட்சம் கமிட் உள்ள ரெப்போவில் அது வலிக்கும். ஆரம்பத்தில் கிட் இதற்குத் தேதியை ஓர் உத்தேசமாக வைத்துக்கொண்டது: தேதி மிகவும் பழையதாகிவிட்டால் நின்றுவிடலாம் என்று. கடிகாரக் கோளாறுக்கு ஈடாகச் சற்று விட்டுக்கொடுப்பும் உண்டு. பிராஞ்ச் எல்லைகளைக் கணக்கிடும் பகுதியில் நிற்க வேண்டிய இடம் வந்த பிறகும் 5 கமிட் கூடுதலாக நடக்கும். ‘நேம்-ரெவ்’ கட்டளையில் ஒரு நாள், அதாவது 86,400 நொடி சலுகை. அதைவிடப் பெரிய கோளாறு என்றால் விடை தவறலாம்.

இங்கேதான் லாம்போர்ட் கடிகாரம் (ஒவ்வொரு நிகழ்வுக்கும், தனக்கு முந்தையவற்றின் எண்ணைவிடப் பெரிய ஓர் எண்ணைத் தரும் முறை) பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. 2018-இல் வெளியான கிட் 2.18-இல் கமிட்-கிராஃப் என்ற துணைக் கோப்பு அறிமுகமானது. அதில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு தலைமுறை எண். தாயில்லாத கமிட்டுக்கு 1. மற்றவற்றுக்கு, தாய்களின் எண்களில் பெரியதோடு 1 கூட்டிய எண். நம் உதாரணத்தில் அ 1, ஆ 2, இ 2, உ 3. ஒரு கமிட்டின் மூதாதை எதுவானாலும் அதன் எண் கண்டிப்பாகச் சிறியதாக இருக்கும். ஆகவே எண் 40 உள்ள கமிட்டைத் தேடும்போது, 40-க்குக் கீழே உள்ள எதற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. இதில் கடிகாரம் எதுவும் இல்லை, விடை தவறவும் வழியில்லை. ஆனால் தலைகீழாக நம்பக் கூடாது: எண் சிறியது என்பதாலேயே அது மூதாதை ஆகிவிடாது. லாம்போர்ட் எண்ணின் அதே குறை.

இதிலும் ஒரு பிரச்சினை கிளம்பியது. பழைய கமிட் ஒன்றிலிருந்து நேற்று கிளை பிரித்தால் அந்தப் புதிய கமிட்டின் தலைமுறை எண் மிகச் சிறியதாக இருக்கும். அந்த எண்ணை எட்டும்வரை மெயின் பிராஞ்சில் வெகுதூரம் நடக்க வேண்டி வரும். சில தேடல்களில் தேதியை நம்பிய பழைய முறையே வேகமாக இருந்தது. எனவே 2021-இல் கிட் 2.31-இல் திருத்திய கமிட் தேதி வந்தது. கமிட்டின் சொந்தத் தேதி, தாய்களின் திருத்திய தேதிகளில் பெரியதோடு 1 நொடி கூட்டியது, இவற்றில் எது பெரியதோ அது. கடிகாரங்கள் ஒழுங்காக இருந்தால் இது நிஜத் தேதியேதான். எங்காவது கடிகாரம் பின்னால் போயிருந்தால் தாயைவிட ஒரு நொடி அதிகம் என்று தானாக உயர்ந்துகொள்ளும். தேதியின் வேகமும் கிடைக்கிறது, மூதாதைக்குச் சிறிய எண் என்ற உறுதியும் குலையவில்லை. மறுபக்கமும் உண்டு: யாரோ ஒருவர் 2099 என்ற தேதியோடு கமிட் போட்டால், அதன் சந்ததி முழுக்க 2099-இலிருந்து ஒவ்வொரு நொடியாக ஏறும். விடை சரியாகவே வரும். வேக ஆதாயம்தான் குறையும்.

உங்கள் ரெப்போவில் ‘கிட் கமிட்-கிராஃப் ரைட்’ கட்டளையை ‘ரீச்சபிள்’ விருப்பத்தோடு ஓட்டினால் இந்தக் கோப்பு உருவாகும். அதை அழித்தாலும் எதுவும் போகாது, மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். வரலாற்றில் அது சேர்த்தி இல்லை.

கேள்வி: இருவர் ஒரே நொடியில் ஒரே பிராஞ்சுக்கு புஷ் செய்தால் சர்வர் தன் கடிகாரத்தை வைத்தா தீர்ப்பு சொல்கிறது?

சர்வர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. புஷ் செய்யும்போது உங்கள் கிட் அனுப்பும் கோரிக்கையில் மூன்று விஷயங்கள் உண்டு: பிராஞ்சின் பெயர், அது இப்போது எந்த ஹேஷில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த பழைய மதிப்பு, மாற்ற வேண்டிய புதிய மதிப்பு. சர்வர் அந்தப் பிராஞ்சைப் பூட்டிவிட்டு, பழைய மதிப்பு நிஜமாகவே அதுதானா என்று பார்க்கும். ஆம் என்றால் மாற்றும். ஒருவர் முதலில் பூட்டைப் பிடித்துவிடுவார், மற்றவருக்குப் பழைய மதிப்பு பொருந்தாமல் போகும், நிராகரிப்பு வரும். நீங்கள் அன்றாடம் பார்க்கும் ‘நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்டு’ மறுப்பு இதற்கும் முந்தைய கட்டம்: சர்வரில் இருக்கும் முனை உங்கள் புதிய கமிட்டுக்கு மூதாதையாக இல்லை என்பதை உங்கள் பக்கத்திலேயே கண்டுபிடித்து நிறுத்துவது.

தேதியை வைத்துத் தீர்ப்பு சொல்லும் கோப்பு ஒத்திசைவுக் கருவிகளில், கடிகாரம் 5 நிமிடம் முன்னால் ஓடும் கணினிக்காரரே எப்போதும் ஜெயிப்பார். மற்றவரின் வேலை சத்தமில்லாமல் அழியும். கிட்டின் மறுப்பு எரிச்சலூட்டினாலும் அது அழிவைத் தடுக்கிறது.

கட்டாய புஷ் செய்தே ஆக வேண்டுமென்றால் ‘ஃபோர்ஸ்’ வேண்டாம், ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போடுங்கள். கடைசியாக நீங்கள் ஃபெட்ச் செய்தபோது (சர்வரில் உள்ளதை இறக்கியபோது) பார்த்த ஹேஷ் இன்னும் அங்கே இருந்தால் மட்டுமே மாற்றும். ஒரு பொறி இருக்கிறது. சில எடிட்டர்கள் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்காத கமிட்டைப் பார்த்ததாக கிட் எண்ணிக்கொள்ளும், பாதுகாப்பு பொய்யாகிவிடும். கிட் 2.30 முதல் உள்ள ‘ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கமிட் உங்கள் உள்ளூர் பிராஞ்சில் கலந்திருக்கிறதா என்றும் சோதிக்கும்.

கேள்வி: பில்டு எண்ணாகக் கமிட் தேதியைப் பயன்படுத்துகிறோம். திடீரென்று புதிய பில்டின் எண் பழையதைவிடச் சிறியதாகிவிட்டது.

வரத்தான் செய்யும். கமிட்டர் தேதி தாயிலிருந்து பிள்ளைக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்று கிட்டில் எந்த விதியும் கிடையாது. அதற்குப் பதில் ‘கிட் ரெவ்-லிஸ்ட் கவுன்ட் ஹெட்’ தரும் எண்ணை எடுங்கள். தன்னையும் சேர்த்து மூதாதைகள் எத்தனை என்ற கணக்கு அது. பிள்ளையின் எண் தாயுடையதைவிட எப்போதும் பெரியது. ஆனால் இரண்டு வெவ்வேறு பிராஞ்சில் ஒரே எண் வரலாம், எனவே ஹேஷின் முதல் சில எழுத்துகளையும் ஒட்டிக்கொள்ளுங்கள். கமிட்டுக்கு டேக் (நிலையான பெயர்) போடும் பழக்கம் இருந்தால் ‘கிட் டிஸ்கிரைப்’ இன்னும் நல்லது: அருகிலுள்ள டேக், அதன்பின் எத்தனை கமிட், சுருக்கிய ஹேஷ் மூன்றையும் சேர்த்துத் தரும்.

எதற்கு மாறினாலும், தானாக பில்டு செய்யும் சிஐ அமைப்பில் ஷாலோ குளோன் (வரலாறு குறைத்த நகல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆழம் 1 என்று குளோன் செய்தால் தாய் கமிட்டுகள் வெட்டப்பட்டிருக்கும். கவுன்ட் எப்போதும் 1 வரும், டிஸ்கிரைப்புக்கு டேக் கிடைக்காது, மெர்ஜ்-பேஸ் காலியாகத் திரும்பும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாகவே ஆழம் 1-இல்தான் எடுக்கிறது. ஃபெட்ச்-டெப்த் என்பதை 0 ஆக்கினால் முழு வரலாறும் வரும். வேறு இடங்களில் ‘கிட் ஃபெட்ச் அன்ஷாலோ’.

கேள்வி: பழைய பிராஞ்சுக்கு மாறினால் மேக் ஏன் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்கிறது?

எதைக் கம்பைல் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் மேக் கருவி, ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைத்தான் பார்க்கும். கிட் செக்அவுட்டில் மாறிய கோப்புகளுக்கு அந்த நிமிடத்தின் நேரமே விழும், கமிட்டின் தேதி விழாது. இது வேண்டுமென்றே செய்தது. கமிட்டின் பழைய தேதியைக் கோப்புக்கு வைத்தால், ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு அதைவிடப் புதியதாகத் தெரியும். மேக் கம்பைல் செய்யாமலே விட்டுவிடும், பிழையான பில்டு கிடைக்கும். அடிக்கடி மாறுகிறவர்கள் ‘கிட் வொர்க்ட்ரீ’ மூலம் பிராஞ்சுக்கொரு கோப்புறை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கிட் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்யூரியலில் கமிட்டுக்கு 0, 1, 2 என்று எண் இருக்கிறதே. அது வரிசை இல்லையா?

அந்த எண் அந்தந்தக் குளோனுக்கு மட்டும் சொந்தம். ஒரே ரெப்போவுக்குள் தாயின் எண் பிள்ளையுடையதைவிடச் சிறியதாக இருக்கும், அவ்வளவே உறுதி. நீங்கள் புல் செய்த வரிசை வேறு, சக ஊழியர் புல் செய்த வரிசை வேறு என்றால் ஒரே கமிட் உங்களிடம் 57, அவரிடம் 61 ஆக இருக்கலாம். பிழை அறிக்கையில் எண்ணை எழுதாமல் ஹேஷை எழுதுங்கள். இதே வகை மென்பொருளான ஃபாசில் இன்னொரு வழியில் போகிறது: தாயைவிடப் பழைய தேதியுள்ள கமிட்டை இயல்பாக மறுத்துவிடும், ‘அலோ-ஓல்டர்’ கொடுத்தால்தான் ஏற்கும்.

கேள்வி: ஒரு நிரலை நான்தான் முதலில் எழுதினேன் என்று காட்ட கமிட் தேதி ஆதாரமாகுமா?

ஆகாது. ஆதர் தேதியையும் கமிட்டர் தேதியையும் இரண்டு சூழல் மாறிகள் மூலம் எந்த நாளாகவும் வைக்கலாம். கையொப்பமிட்ட கமிட்டாக இருந்தாலும் அந்தக் கையொப்பம் சொல்வது யார் போட்டார் என்பதை. எப்போது என்பதை அல்ல. ஹேஷ் சங்கிலி நிரூபிப்பது வரிசையை மட்டுமே: நடுவில் ஒரு கமிட்டைச் செருகினால் அதன் சந்ததி முழுவதற்கும் ஹேஷ் மாறும், ஏற்கெனவே குளோன் வைத்திருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். நேரத்துக்கு வெளிச்சாட்சி வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சர்வரின் புஷ் பதிவு, அல்லது நேர முத்திரை தரும் மூன்றாம் தரப்பிடம் கமிட்டின் ஹேஷைக் கொடுத்துப் பெற்ற சான்று. ஒரு கமிட் ஹேஷுக்குச் சான்று வாங்கினால் அதன் மூதாதைகள் அனைத்தும் அந்த நேரத்துக்கு முன் இருந்தன என்பதும் சேர்ந்தே உறுதியாகிவிடும்.

கேள்வி: ஆக, கடிகாரம் தவறினால் கிட்டில் எதுவுமே தொலையாது என்று நிம்மதியாக இருக்கலாமா?

பிராஞ்சிலோ டேக்கிலோ இருந்து எட்டக்கூடியவை தொலையாது. எட்டமுடியாதவற்றின் கதை வேறு. ரீபேஸ், ரீசெட் செய்தபின் கைவிடப்பட்ட கமிட்டுகளை ரெஃப்லாக் (பிராஞ்ச் எந்தெந்தக் கமிட்டில் இருந்தது என்ற உள்ளூர்ப் பதிவேடு) கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கிறது. இயல்பாக 90 நாள், பிராஞ்சின் தற்போதைய முனையிலிருந்து எட்டமுடியாத பதிவுகளுக்கு 30 நாள். அதன்பின் எதனாலும் சுட்டப்படாத ஆப்ஜெக்டுகளை, 2 வாரம் பழையவை என்றால், குப்பை அகற்றும் ஜிசி நீக்கிவிடும். இந்த நாள் கணக்கு எல்லாம் உங்கள் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான்.

கடிகாரம் பின்னால் போயிருக்கும்வரை குப்பை கொஞ்ச நாள் கூடுதலாகத் தங்கும். முன்னால் ஒரு வருடம் தாவினால் ஆபத்து. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு கட்டளை ஜிசியைத் தானாகத் தூண்டிவிட்டால், நேற்று ரீசெட் செய்து மீட்கலாம் என்று விட்டு வைத்திருந்த கமிட் காலாவதியானதாகக் கணக்காகிப் போய்விடும். கடிகாரத்தில் சந்தேகம் இருக்கும் கணினியில் ‘ஜிசி.ஆட்டோ’ அமைப்பை 0 ஆக்கிவிட்டு, தேவைப்படலாம் என்று தோன்றும் கமிட்டுக்கு ஒரு பிராஞ்ச் பெயர் வைத்துவிடுங்கள். பெயர் இருக்கும்வரை ஜிசி அதைத் தொடாது.